எல்லோருக்கும் திறந்த கதவு: டானியல் பிளிஸ்

லெபனான் நாட்டின் தலைநகரான பெய்ரூத்தில் பிளிஸ் வீதி என்றொரு வீதி உண்டு. பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பிரதான வாயில் அந்த வீதியில்தான் இருக்கிறது. அரபு நாடுகளின் எத்தனையோ அமைச்சர்களும் மருத்துவர்களும் எழுத்தாளர்களும் அந்த வாயிலால் நுழைந்து வெளியேறியவர்கள். உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞரான ஈராக்கியப் பெண் ஸஹா ஹதீத் கணிதம் படித்ததும் அங்கேதான். இந்தப் பல்கலைக்கழகத்தைத் தொடக்கி 36 ஆண்டுகள் தலைமை தாங்கிய டானியல் பிளிஸ் ஓர் அமெரிக்கக் கிறிஸ்தவப் பாதிரியார்.

ஒரு பாதிரியாரின் வாழ்க்கையை நம் கல்லூரிச் சஞ்சிகையில் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். மற்றவர்கள் கட்டிய கல்விக்கூடத்தில் நம் பிள்ளைகள் படிக்கலாமா என்ற கேள்வி நம் வீடுகளில் பழையது. என் உம்மம்மா ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். ஊரில் இருந்த பாடசாலையைக் கன்னியாஸ்திரிகள் நடத்தினார்கள் என்பதே அதற்குக் காரணம். இன்று உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் எனக்கும் என் தோழிகளுக்கும் அதே கேள்வி வேறு உருவத்தில் வரப்போகிறது. எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஊர், யாருடைய விடுதி என்று பெற்றோர் யோசிப்பார்கள். பிளிஸின் வாழ்க்கை இந்தக் கேள்விக்கு மறுபக்கத்திலிருந்து வெளிச்சம் தருகிறது.

அவர் 1823 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 17 ஆம் திகதி அமெரிக்காவின் வேர்மொன்ட் மாநிலத்தில் பிறந்தார். வசதியான குடும்பமல்ல. சிறு வயதிலேயே தாயை இழந்தார். குடும்பம் ஒஹாயோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தபின் பண்ணைகளில் வேலை செய்தார். தோல் பதனிடும் தொழிலைக் கற்றார். பழமரங்களுக்கு ஒட்டுக்கட்டிக் கொடுத்தும் பணம் சேர்த்தார். அந்தப் பணத்தில் அம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 25. 1852 இல் பட்டம் பெற்று, அதன்பின் அண்டோவரில் மூன்று ஆண்டுகள் சமயக் கல்வி கற்றார். 1855 இல் அபி வூட் என்ற பெண்ணைத் திருமணம் செய்தார். கவிஞர் எமிலி டிக்கின்சனின் பள்ளித் தோழி அவர். திருமணம் முடிந்த சில வாரங்களில், டிசம்பர் மாதக் குளிரில், இருவரும் பொஸ்டன் துறைமுகத்திலிருந்து கப்பலேறி 1856 பெப்ரவரியில் பெய்ரூத் வந்திறங்கினார்கள்.

அவர்களை அனுப்பிய அமெரிக்க மிஷன் சங்கம் இலங்கைக்குப் புதியதல்ல. 1816 இலேயே யாழ்ப்பாணம் வந்து, பிளிஸ் பிறந்த அதே 1823 இல் வட்டுக்கோட்டையில் புகழ்பெற்ற செமினரியை நிறுவியது அதே சங்கம்தான். பிளிஸ் கப்பலேறிய 1855 இல் அந்தச் செமினரி மூடப்பட்டது. சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சனின் கொள்கையே அதற்குக் காரணம். மிஷனின் வேலை மக்களின் மொழியில் சமயத்தைப் பரப்புவது, ஆங்கிலத்தில் உயர்கல்வி கொடுப்பதல்ல என்று அவர் கருதினார். ஆங்கிலம் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள் என்பது அவருடைய மனக்குறை. வட்டுக்கோட்டையில் நடந்த இதை மனதில் வைத்துக்கொண்டால் பெய்ரூத்தில் பின்னர் நடந்தவை நன்றாக விளங்கும்.

அப்போது லெபனான் உஸ்மானியப் பேரரசின் கீழ் இருந்தது. பிளிஸ் தம்பதியர் அபே, சூக் அல்-கர்ப் என்னும் மலைக் கிராமங்களில் தங்கி அரபு மொழி படித்தார்கள். சூக் அல்-கர்ப்பில் ஒரு பெண்கள் விடுதிப் பாடசாலையையும் நடத்தினார்கள். 1860 இல் அந்த மலைகளில் துரூஸ் இனத்தவருக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையில் பெருங்கலவரம் மூண்டது. அது டமஸ்கஸ் வரை பரவியது. அங்கே ஆயிரக்கணக்கான கிறிஸ்தவர்களைத் தம் பாதுகாப்பில் எடுத்துக் காப்பாற்றியவர் அல்ஜீரிய வீரர் அமீர் அப்துல் காதிர். பிரான்சுக்கு எதிராக நீண்டகாலம் போராடி நாடு கடத்தப்பட்டிருந்த ஒரு முஸ்லிம் தலைவர் அவர். அகதிகள் பெய்ரூத்தில் வந்து குவிந்தார்கள். ஒரே நாட்டில் வாழும் பல சமயத்தவரும் ஒன்றாக அமர்ந்து படிக்கும் உயர்கல்விக்கூடம் ஒன்று தேவை என்ற எண்ணம் வலுப்பெற்ற காலம் இது.

1862 இல் கல்லூரி ஒன்று தொடங்க அங்கிருந்த மிஷனரிகள் முடிவுசெய்து, பிளிஸை அதற்குப் பொறுப்பாளராக்கினார்கள். உயர்கல்வியை விரும்பாத தாய்ச் சங்கத்தின் கையில் கல்லூரி இருந்தால் வட்டுக்கோட்டைக்கு நேர்ந்ததே அதற்கும் நேரலாம். அதனால் தனியான அறங்காவலர் சபை ஒன்று அமைக்கப்பட்டது. 1863 ஏப்ரலில் நியூயோர்க் மாநிலம் சிரிய புரொட்டஸ்டாந்து கல்லூரிக்குச் சாசனம் வழங்கியது. மிஷனரிகளால் பிறந்தாலும் மிஷனுக்குக் கட்டுப்படாத தனியார் நிறுவனமாக அது உருவானதற்கு இதுவே அடித்தளம்.

அடுத்த பிரச்சினை பணம். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. இருந்தும் பிளிஸ் ஊர் ஊராகச் சென்று பேசி ஒரு இலட்சம் டொலர் திரட்டினார். போரினால் டொலரின் மதிப்பு விழுந்திருந்ததால் அந்த நிதியை உடனே செலவழிக்காமல் வைத்துவிட்டு, இங்கிலாந்து சென்று அங்கேயும் நிதி சேர்த்தார். 1866 இல் பெய்ரூத் திரும்பினார். அவ்வாண்டு டிசம்பர் 3 ஆம் திகதி வாடகைக் கட்டடம் ஒன்றில் 16 மாணவர்களுடன் கல்லூரி தொடங்கியது. அடுத்த ஆண்டு மருத்துவப் பிரிவு ஆரம்பமானது. 1870 இல் முதன்முதலாகப் பட்டம் பெற்று வெளியேறியவர்கள் ஐந்தே பேர். ஒட்டுக்கட்டிய மரம் காய்க்கும் வரை காத்திருக்கப் பழகியவர் என்பதால் பிளிஸ் இந்தச் சிறிய எண்களைக் கண்டு சோரவில்லை என்று நினைக்கிறேன்.

பின்னர் நகருக்கு வெளியே, கடலைப் பார்த்த ராஸ் பெய்ரூத் மேட்டில் நிலம் வாங்கப்பட்டது. 1871 டிசம்பர் 7 ஆம் திகதி பிரதான மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். அன்று பிளிஸ் ஆற்றிய உரைதான் அவரை இன்றுவரை நினைக்க வைக்கிறது. நிறமோ இனமோ சமயமோ பாராமல் எல்லா மனிதருக்கும் இந்தக் கல்லூரி உரியது என்று அவர் அறிவித்தார். கிறிஸ்தவர், யூதர், முஸ்லிம், வேறு எவராயினும் வந்து சில ஆண்டுகள் படித்துப் பயன்பெறலாம். திரும்பிப் போகும்போது ஓரிறைவனையோ பல தெய்வங்களையோ நம்பலாம், எதையும் நம்பாமலும் போகலாம் என்றார். ஆனால் தாங்கள் எதை உண்மை என்று நம்புகிறோம், ஏன் நம்புகிறோம் என்பதை அறியாமல் எவரும் அங்கே நீண்டகாலம் இருக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

இந்த உரையில் இரண்டு விடயங்கள் என் மனதில் நிற்கின்றன. ஒன்று, அந்தக் காலத்தில் அவ்வளவு அகலமாகக் கதவைத் திறந்தது. மற்றது, தம் நோக்கத்தை மறைக்காதது. பிள்ளையை அனுப்பும் முஸ்லிம் தகப்பன் என்ன இடத்துக்கு அனுப்புகிறார் என்பதைத் தெரிந்துகொண்டே அனுப்பலாம்.

ஆனால் சொல்லுக்கும் நடைமுறைக்கும் இடையில் தூரம் இருந்தது. எல்லா மாணவர்களும் வேதாகம வகுப்புக்கும் தேவாலய வழிபாட்டுக்கும் கட்டாயம் வர வேண்டும் என்பது கல்லூரியின் விதி. திரும்பிப் போகும்போது எதையும் நம்பலாம் என்று சொன்ன இடத்தில், படிக்கும் காலத்தில் விலகியிருக்க உரிமையில்லை.

மொழியிலும் ஒரு மாற்றம் வந்தது. தொடக்கத்தில் மருத்துவம் உட்பட எல்லாம் அரபு மொழியில் கற்பிக்கப்பட்டன. கொர்னேலியஸ் வன் டைக் என்ற பேராசிரியர் இரசாயனமும் வானியலும் அரபியில் எழுதினார். ஏறத்தாழ அதே காலத்தில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்துக்கொண்டிருந்தார். விஞ்ஞானம் வேகமாக வளர, மொழிபெயர்ப்புகள் பின்தங்குவதாகவும், புதிதாக வரும் ஆசிரியர்கள் அரபு கற்க ஆண்டுக்கணக்காகிறது என்றும் பிளிஸ் எண்ணினார். மாணவர்களும் தொழிலுக்காக ஆங்கிலத்தை நாடினார்கள். 1880களில் கல்லூரி முற்றாக ஆங்கில மொழிமூலமாகிவிட்டது. உலகத்துக்கு ஒரு வழி திறந்தது என்பது உண்மை. அரபு மொழியிலேயே நவீன அறிவு வளர இருந்த வாய்ப்பு குறுகியது என்பதும் உண்மை. தமிழ்மொழி மூலம் கற்றுவிட்டு, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தைச் சந்திக்கப்போகும் எங்களுக்கு இந்த இரண்டு பக்கமும் தெரியும்.

பிளிஸின் வாழ்க்கையில் கடினமான ஆண்டு 1882. அவ்வாண்டு ஜூலை மாதப் பட்டமளிப்பு விழாவில் எட்வின் லூயிஸ் என்ற பேராசிரியர் விஞ்ஞானத்தைப் பற்றி உரையாற்றும்போது டார்வினைப் பாராட்டிப் பேசினார். பிளிஸும் அறங்காவலர்களும் இதைப் பொறுக்கவில்லை. லூயிஸ் பதவியை விட நேர்ந்தது. மருத்துவ மாணவர்கள் வகுப்புகளைப் பகிஷ்கரித்தார்கள். பலர் கல்லூரியை விட்டே வெளியேறினார்கள். வன் டைக்கும் விலகினார். டார்வினின் கருத்தை ஏற்பதும் மறுப்பதும் வேறு விடயம்; என் ஈமானும் அதற்குத் தன் பதிலை வைத்திருக்கிறது. ஆனால் ஒரு கருத்தைப் பேசியதற்காக ஆசிரியரை இழந்தது, கதவைத் திறந்த கை பின்வாங்கியதையே காட்டுகிறது. அன்று வெளியேறியவர்களில் ஒருவர் ஜுர்ஜி ஸைதான். எகிப்து சென்று 1892 இல் அல்-ஹிலால் என்ற புகழ்பெற்ற அரபுச் சஞ்சிகையைத் தொடங்கியவர் அவர்தான். கல்லூரி இழந்ததை அரபு இலக்கியம் பெற்றுக்கொண்டது.

முஸ்லிம்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1878 இல் பெய்ரூத் முஸ்லிம்கள் மகாஸித் என்ற சங்கத்தை நிறுவி, முதல் வேலையாகப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை திறந்தார்கள். நம் நாட்டிலும் 1882 இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்தி லெப்பை இதே கவலையோடுதான் உழைத்தார். 1892 இல் மருதானையில் அவர் முன்னின்று தொடக்கிய பாடசாலைதான் பின்னர் ஸாஹிராக் கல்லூரியாயிற்று. அவருக்குத் துணைநின்ற ஒராபி பாஷா எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்தவர். மற்றவர்களின் கல்விக்கூடத்தைக் குறைசொல்வதோடு நிற்காமல், நமக்கென்று ஒன்றைக் கட்டுவதுதான் சரியான பதில் என்று அவர்கள் கண்டார்கள்.

1902 இல் பிளிஸ் ஓய்வுபெற, மகன் ஹவார்ட் பிளிஸ் தலைவரானார். தந்தை கல்லூரியை அண்டியே வாழ்ந்தார். 1909 இல் முஸ்லிம் மாணவர்களும் யூத மாணவர்களும் ஒன்றுசேர்ந்து கட்டாய வழிபாட்டுக்குப் போக மறுத்தார்கள். அவர்கள் கேட்டது, முதியவர் 38 ஆண்டுகளுக்கு முன் அடிக்கல் நாட்டு விழாவில் சொன்னதற்கு அதிக தூரமில்லை. விதி உடனே மாறவில்லை. முதலாம் உலகப் போரின்போது உஸ்மானிய அரசின் சட்டத்தால்தான் அந்தக் கட்டாயம் நீங்கியது.

1915 இல் மனைவி அபி காலமானார். அடுத்த ஆண்டு, போரும் பஞ்சமும் லெபனானை வாட்டிக்கொண்டிருந்தபோது, ஜூலை 27 ஆம் திகதி டானியல் பிளிஸ் தம் 92 ஆவது வயதில் பெய்ரூத்திலேயே இறந்தார். அறுபது ஆண்டுகளுக்கு முன் வந்திறங்கிய மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் இறந்தபின் கல்லூரி மேலும் மாறியது. 1920 இல் அதன் பெயர் பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஆனது. 1924 இல் அதன் கலை, விஞ்ஞானப் பிரிவில் முதன்முதலாகச் சேர்ந்த பெண், எகிப்திலிருந்து கணவரோடு முகத்திரை அணிந்து வந்த இஹ்ஸான் அஹ்மத். 1945 இல் ஐக்கிய நாடுகள் சபையின் சாசனம் உருவான சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில் இந்தப் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்கள் 19 பேர் பிரதிநிதிகளாக இருந்தார்கள். பிளிஸ் அன்று உரையாற்றிய அடிக்கல் விழாவின் பிரதான மண்டபம் 1991 இல் குண்டுவெடிப்பில் இடிந்தது. மணிக்கூட்டுக் கோபுரத்தோடு அதே இடத்தில் அதைத் திரும்பவும் கட்டி எழுப்பினார்கள்.

பிளிஸ் எங்கள் மார்க்கத்தவர் அல்லர். தம் சமயத்தைப் பரப்பவே கடல் கடந்து வந்தார். அதில் அவர் எதிர்பார்த்த அளவு நடக்கவில்லை. அவர் கட்டிய இடத்தில் படித்த முஸ்லிம்கள் முஸ்லிம்களாகவே மருத்துவர்களானார்கள், எழுத்தாளர்களானார்கள், தங்கள் நாடுகளின் விடுதலைக்கும் உழைத்தார்கள். கட்டாயத்தை அவர்கள் பணிவோடு சகித்துக்கொள்ளவுமில்லை, கோபத்தில் கல்வியைக் கைவிடவுமில்லை. உள்ளே இருந்துகொண்டே தங்கள் உரிமையைக் கேட்டார்கள். அந்தக் கதவு இன்று உள்ள அளவுக்கு அகலமானதற்கு அதைத் திறந்தவர் பாதிக் காரணம். அதனூடே நுழைந்தவர்கள் மீதிக் காரணம்.

பெற்றோருக்கு நான் பணிவாகச் சொல்ல விரும்புவது இதுதான். எந்தக் கதவு என்பதை நன்றாக விசாரியுங்கள். அது உங்கள் கடமை. ஆனால் நுழையப்போகும் பிள்ளை யார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டிலும் இந்தக் கல்லூரியிலும் எங்களுக்குத் தந்த மார்க்கமும் ஒழுக்கமும் வாயிலில் கழற்றி வைத்துவிட்டுப் போகும் செருப்பல்ல. அவை எங்களோடு உள்ளேயும் வரும்.