அன்னமளந்த அரசர்

கங்கைகொண்ட முதலாம் இராஜேந்திரரின் திருக்குமாரர் வீரராஜேந்திர சோழர். 1063 முதல் 1070 வரை செங்கோல் செலுத்திய அம்மன்னர், கூடற்சங்கமத்தில் சாளுக்கியரை வென்று வாகை சூடியவர். ஆயினும், பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கலக்கும் திருமுக்கூடலில் அவர் புகழைக் காப்பது வாளன்று, அன்னமே. வயலைக்காவூரின் வருவாயை இங்குள்ள பெருமாள் கோயிலுக்கே உரிமையாக்கினார். ஜனநாத மண்டபத்தில் வேதமும் வியாகரணமும் பயின்ற மாணாக்கர்க்கு அதனால் உணவும், படுக்கப் பாயும், சனி நீராட எண்ணெயும் கிடைத்தன. வீரசோழன் என்னும் ஆதுலர்சாலையில் நோயுற்றுக் கிடந்த 15 பேருக்கு, தலைக்கு நாள்தோறும் நாழி அரிசி அளக்கப்பட்டது. பிற்காலத்தார் மறதியாலோ மனக்குறுக்கத்தாலோ அந்த நாழியைக் குறைத்துவிடாதபடி, அளவு முழுவதும் சுவரிலேயே சாசனமாகப் பொறிக்கப்பெற்றது. சாளுக்கியப் பகை மறைந்தது. அளந்த நாழியோ இன்றும் கல்லில் நிற்கிறது. திருப்பணிச் செல்வர்கள் சிந்தையில் இருத்தத்தக்கது இது.