ஏரி காத்த ராமரும் பிளேஸ் துரையும்

நெல்லுக்குத் தாகம் அதிகம். படப்பை, ஸ்ரீபெரும்புதூர், மதுராந்தகம் முதலிய ஊர்கள் அடங்கிய பழைய செங்கற்பட்டுச் சீமையிலோ வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையை ஏரியில் தேக்கினால்தான் நெல். மழை பொய்த்தால் பயிர் போச்சு. மிஞ்சிப் பெய்து கரை உடைந்தாலும் போச்சு!

1780-ல் ஹைதர் அலியின் படையெடுப்பால் இந்தச் சீமை பாழாயிற்று. ஏரிகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1794-ல் கும்பினியாரின் கலெக்டராக இங்கே வந்தவர் லயோனல் பிளேஸ். வானம் பார்த்த சீமைக்கு நெல் எதற்கு என்று அவர் யோசிக்கவில்லை. எப்படி யோசிப்பார்? நஞ்சை விளைந்தால்தானே கும்பினிக்கு வருமானம்! ஆகவே ஏரிகளைப் பழுது பார்த்தார். வரியையும் கறாராக வசூலித்தார். தாங்க முடியாத மிராசுதாரர்கள் சிலர் ஊரை விட்டே வெளியேறினார்கள்.

மதுராந்தகம் ஏரிக்கரை அடிக்கடி உடையும். துரை அதைப் பலப்படுத்தினார். பிறகு ஓர் அடைமழை இரவில், கரை நிற்குமோ நிற்காதோ என்று கவலையோடு பார்க்கப் போனார். வில்லேந்திய வாலிபர் இருவர் கரையில் காவல் நின்றார்களாம். ஊரார் சொல்லும் கதை இது. கரை உடையவில்லை.

அங்குள்ள ராமர் கோயிலில் தாயார் சந்நிதி துரையின் தர்மம். அவர் பெயர் பொறித்த தமிழ்க் கல்வெட்டு இன்றும் அங்கே இருக்கிறது.