தமியான் அடிகளாரின் தோழர்: சகோதரர் ஜோசப் டட்டன்



தொழுநோயாளருக்காகத் தம் உயிரையே ஈந்த தமியான் அடிகளாரை நாம் எல்லோரும் அறிவோம். 2009-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. மொலோக்காய்த் தீவில் கலவாவோ என்னும் ஊரில், அவர் முதன்முதல் அடக்கம் செய்யப்பட்ட இடத்திற்கு அருகே இன்னொரு கல்லறை உண்டு. அதில் துயில்பவர் குருவானவர் அல்லர். துறவற வார்த்தைப்பாடு கொடுத்தவரும் அல்லர். நம்மைப் போன்ற ஒரு பொதுநிலை விசுவாசி. அவரே ஒரு காலத்தில் அமெரிக்கா முழுவதும் பேர்பெற்றிருந்த ஜோசப் டட்டன்.

அவர் 1843-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஐரா. கத்தோலிக்கக் குடும்பம் அன்று. அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது விஸ்கான்சின் படைப்பிரிவில் சேர்ந்து, அதிகாரி நிலைக்கு உயர்ந்தார். 1866-இல் மணம் முடித்தார். ஆனால் அந்த இல்லறம் விரைவிலேயே முறிந்தது. மனைவி அவரை விட்டுப் பிரிந்து போனார். அந்த வேதனையில் குடிக்கு அடிமையானார். பகலில் உத்தியோகம், இரவில் மது என்று ஏறக்குறைய பத்து ஆண்டுகள் பாழாயின.

1876-இல் குடியை அடியோடு விட்டார். விட்டதோடு அவர் மனம் அமைதி அடையவில்லை. வீணாக்கிய ஆண்டுகளுக்குப் பரிகாரம் செய்தே தீர வேண்டும் என்ற எண்ணம் அவரை வாட்டியது. 1883-இல், தமது நாற்பதாவது பிறந்த நாளன்று, மெம்பிஸ் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். தாம் பெரிதும் நேசித்த புனித சூசையப்பரின் பெயரையே தம் பெயராக ஏற்றார். பின்னர் கெந்தக்கி மாநிலத்திலுள்ள கெத்சமனி மடத்தில், மௌனத் தவம் புரியும் டிராப்பிஸ்ட் துறவிகளோடு இருபது மாதங்கள் தங்கினார். செபமும் தவமும் அவருக்குப் பிடித்திருந்தன. ஆயினும் தம் பரிகாரம் கைகளால் செய்யும் தொண்டாக இருக்க வேண்டுமென்று உணர்ந்து வெளியே வந்தார்.

அந்நாளில்தான் தமியான் அடிகளாரைப் பற்றி அவர் படிக்க நேர்ந்தது. தேடிய இடம் இதுவே என்று உடனே தெளிந்தார். ஆயினும் அவசரப்படவில்லை. மொலோக்காய்க்குச் சென்று வந்திருந்த ஓர் எழுத்தாளரை நேரில் கண்டு விவரம் கேட்டறிந்த பிறகே கப்பலேறினார். 1886 ஜூலை 29-இல் தீவில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 43. அப்போது ஹவாய் தனி அரசு. மன்னர் ஆட்சி நடந்த அந்நிய நாடு.

அந்த இடம் எப்படிப்பட்டது? மூன்று பக்கம் கடல். நான்காம் பக்கம் செங்குத்தான மலை. 1865-இல் இயற்றப்பட்ட சட்டப்படி, தொழுநோய் கண்டவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து 1866 முதல் அங்கே கொண்டுவந்து விட்டார்கள். நோயைத் தீர்க்கும் மருந்து 1940-களில்தான் கிடைத்தது. ஆகவே அந்நாளில் அங்கே சென்றவர் திரும்புவதில்லை. டட்டன் வந்தபோது தமியான் அடிகளாரையும் அந்நோய் பற்றியிருந்தது. உதவி கேட்டுக் களைத்திருந்த அடிகளாருக்கு, ஊதியம் எதுவும் வேண்டாமென்று வந்து நின்ற இந்த மனிதர் இறைவன் அனுப்பிய துணையாகவே தோன்றினார். எந்தத் துறவற சபையையும் சேராத அவரைச் சகோதரர் என்றே அழைக்கலானார்.

புண்களைக் கழுவிக் கட்டுதல், தச்சு வேலை, கணக்கு எழுதுதல், கோயில் பணிவிடை என எல்லாம் அவர் கைக்கு வந்தன. இருவரும் சேர்ந்து உழைத்தது மூன்று ஆண்டுகளுக்கும் குறைவே. 1889 ஏப்ரல் 15-இல் தமியான் அடிகளார் மரித்தார். அவர் பேணி வந்த ஆதரவற்ற சிறுவர்களின் பொறுப்பு டட்டனிடம் வந்தது. 1890-களில் கலவாவோவில் சிறுவர்களுக்கும் ஆண்களுக்குமாக எழுந்த பால்ட்வின் இல்லத்தை அவரே நடத்தினார். அதே தீவின் கலாவுப்பாப்பாவில் பெண்களையும் சிறுமிகளையும் அன்னை மரியான் கோப்பும் அவருடைய சகோதரிகளும் பேணினார்கள்.

ஆண்டுகள் உருண்டன. 1898-இல் ஹவாய் அமெரிக்காவுடன் இணைக்கப்பட்டது. விட்டு வந்த தாய்நாட்டின் கொடியே அவரைத் தேடி வந்தது போலாயிற்று! அந்தக் கொடியை நாள்தோறும் ஏற்றினார். உலகெங்குமிருந்து வந்த கடிதங்களுக்குப் பொறுமையாகப் பதில் எழுதினார். 1908-இல், அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் ஆணைப்படி, அமெரிக்காவின் பதினாறு போர்க்கப்பல்கள் இந்த முதியவருக்கு மரியாதை செலுத்தி மொலோக்காய்க் கரையோரம் சென்றன. கப்பல்கள் கடந்து போயின. அவருடைய வேலை அன்றும் மறுநாளும் அதே வேலைதான்.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. தொழுநோயாளரைச் சட்டம் தடுத்து வைத்திருந்தது. துறவியரை அவர்கள் கொடுத்த வார்த்தைப்பாடு கட்டியது. டட்டனையோ எதுவும் கட்டவில்லை. நோயும் அவரைத் தொடவில்லை. எந்தக் காலையிலும் மூட்டை கட்டிக்கொண்டு அவர் கப்பலேறியிருக்கலாம். குறை சொல்வார் யாருமில்லை. ஆயினும் 44 ஆண்டுகள், ஒவ்வொரு காலையிலும், இன்றும் இங்கேயே இருப்பேன் என்று அவர் மனமுவந்து முடிவெடுக்க வேண்டியிருந்தது. பாழான பத்து ஆண்டுகளுக்கு ஈடாக அதைப் போல் நான்கு மடங்குக்கு மேல் கொடுத்தார்!

1930-இல் கண் சிகிச்சைக்காக ஹொனலூலு நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கேயே 1931 மார்ச் 26-இல், தமது 87-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அவருடைய உடல் கலவாவோவுக்கே திரும்பி வந்தது. அவரைப் புனிதராக்கும் முயற்சியை 2022-இல் ஹொனலூலு மறைமாவட்டம் தொடங்கியது.

அன்பர்களே! நற்பணியைத் தொடங்குவோர் பலர், தொடர்வோர் சிலர். விழா நாளன்று கோயிலில் வேலை செய்ய நூறு கைகள் நீளும். விழா முடிந்த மறுநாள் துடைப்பத்தை எடுக்கும் கை எது? படுக்கையில் கிடக்கும் நோயாளியை முதல் வாரம் எல்லோரும் பார்க்கிறோம். இரண்டாம் ஆண்டில் பார்ப்பவர் யார்? நம் கடந்த காலம் எத்தகையதாயினும், அதைச் சொல்லி ஒதுங்கிவிட நமக்கு உரிமையில்லை என்பதைச் சகோதரர் ஜோசப் டட்டன் வாழ்ந்து காட்டினார். பங்கின் யூபிலியைக் கொண்டாடும் நாம், தொடங்கிய நற்பணியில் நிலைத்திருக்கும் வரத்தை இறைவனிடம் இறைஞ்சுவோமாக!