மாக்ஸ் பிளாங்க்

பௌதிக சாஸ்திரம் பயிலும் மாணாக்கர் யாவரும் அறிந்த பெயர் மாக்ஸ் பிளாங்க் என்பதாம். இப்பெரியார் 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள கீல் நகரில் பிறந்தார். தந்தையார் சட்டநூற் பேராசிரியர். மியூனிக் சர்வகலாசாலையில் இவர் பௌதிகம் பயிலப் புகுந்தபொழுது, யோலி என்னும் ஆசிரியர், அத்துறையில் காணவேண்டியவை ஏறக்குறையக் கண்டாயின என்று கூறித் தடுத்தார். இளைஞரோ, உள்ளதைச் செவ்வனே அறிதலே போதுமென்று துணிந்து கற்றார்.

1889-ஆம் ஆண்டு பெர்லின் நகரில் ஆசிரியரானார். காய்ச்சிய இரும்பு முதலிற் சிவந்து, பின்னர் மஞ்சளாகி, இறுதியில் வெண்மையுறுவதை யாவரும் கண்டிருப்போம். அவ்வொளியில் எவ்வலைநீளத்திற்கு எவ்வளவு சக்தி உண்டென்பதே அந்நாளைய வினா. வீன் என்பார் வகுத்த விதி குறுகிய அலைகளுக்குப் பொருந்திற்று. நெடிய அலைகளுக்குப் பொருந்தவில்லை. 1900-ஆம் ஆண்டு அக்டோபரில் பிளாங்க் இரண்டிற்கும் பொருந்தும் சூத்திரமொன்றைக் கண்டார். அதன் காரணத்தை ஆராய்ந்து, டிசம்பர் 14-ஆம் நாள் வெளியிட்டார். அதிரும் பொருள்களின் சக்தி நீரோட்டம்போல இடையறாது பெருகுவதன்று; சிறு சிறு கூறுகளாகவே அமைவது. ஒரு கூற்றின் அளவு அதிர்வெண்ணைப் பொறுத்தது. அதிர்வெண் இரட்டித்தால் கூறும் இரட்டிக்கும்.

ஒளியின் வேகம் வெற்றிடத்தில் மாறாதாகலின், அதிர்வெண் மிகுந்தால் அலைநீளம் குறையும். ஆகவே 400 நானோமீட்டர் ஊதா ஒளியின் ஒரு கூறு, 700 நானோமீட்டர் செவ்வொளியின் ஒரு கூற்றைப் போல ஒன்றே முக்கால் மடங்கு சக்தியுடையது. 1905-ஆம் ஆண்டு ஐன்ஸ்டைன் இக்கொள்கையை ஒளிக்கே உரியதாக்கினார். சில உலோகங்களிலிருந்து மங்கிய ஊதா ஒளி எலக்ட்ரான்களை வெளியேற்றுவதும், மிகப் பிரகாசமான செவ்வொளி அது செய்யமாட்டாமையும் இதனால் விளங்கின.

வியப்பு யாதெனில், பிளாங்க் பழமையைப் போற்றியவர். தாம் கண்டதைப் பழைய கொள்கையோடு இணைக்கப் பல்லாண்டு முயன்றும் இயலவில்லை. ஆயினும் அளவைகள் காட்டிய உண்மையை அவர் மறைத்தாரல்லர். 1918-ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசு அவர்க்குக் கிட்டிற்று.

புகழோடு துயரும் வந்தது. 1909-இல் மனைவியார் மறைந்தார். 1916-இல் மூத்த மைந்தன் வெர்டன் போர்க்களத்தில் மாண்டான். இரட்டைப் பெண்மக்கள் இருவரும் 1917-இலும் 1919-இலும் மகப்பேற்றில் உயிர்துறந்தனர். 1944-இல் குண்டுவீச்சில் வீடும் நூல்களும் அழிந்தன. 1945-இல் மற்றொரு மைந்தன் எர்வினை ஹிட்லர் ஆட்சி கொன்றது. 1947-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் கெட்டிங்கனில் இப்பெரியார் காலமானார்.

மாணவ நண்பர்களே! தம் விருப்பத்திற்கு மாறாகத் தோன்றிய உண்மைக்கும் தலைவணங்கிய இவரது நேர்மை, இவர் கண்ட விதியினும் சிறியதன்று.