அமைதியில் விதைத்த மருத்துவர்

பிப்ரவரி மாதம் வந்தாலே நம் பங்குகளில் நோயாளரைப் பற்றிய நினைவு மேலோங்குகிறது. 11ஆம் தேதி லூர்து அன்னையின் திருநாள். 1993ஆம் ஆண்டு முதல் அந்த நாளை உலக நோயாளர் நாளாகவும் திருச்சபை சிறப்பித்து வருகிறது. நோயாளருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். நோயில்பூசுதல் பெற முதியோரைக் கைத்தாங்கலாக ஆலயத்திற்கு அழைத்து வருகிறோம். இதே மாதத்தோடு தொடர்புடைய ஒரு மருத்துவரின் வாழ்வை இன்று நாம் சிந்திப்போம். அவருடைய தலைசிறந்த ஆய்வுக் கட்டுரை வெளியானது 1944 பிப்ரவரி 1ஆம் தேதி. அவர் இவ்வுலகை விட்டுப் பிரிந்தது 1955 பிப்ரவரி 20ஆம் தேதி. அவர் பெயர் ஆஸ்வால்ட் ஏவரி.

1877ஆம் ஆண்டு கனடா நாட்டின் ஹாலிஃபாக்ஸ் நகரில் பிறந்தவர் ஏவரி. தந்தை பாப்டிஸ்ட் சபைப் போதகர். ஏவரி சிறுவனாக இருந்தபோதே குடும்பம் நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஏழைகளும் புலம்பெயர்ந்தோரும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் தந்தை இறைப்பணி ஆற்றினார். சிறுவன் ஏவரி கார்னெட் என்னும் ஊதுகருவியைக் கற்றுக்கொண்டு, தெருவில் போவோரை வழிபாட்டிற்கு ஈர்க்க ஆலயத்தின் முன் நின்று வாசிப்பானாம். 1892இல் அந்த வீட்டின் மீது இடி விழுந்தது. ஒரே ஆண்டில் தந்தையும் அண்ணன் எர்னஸ்ட்டும் இறந்துபோனார்கள். தாயும் ஏவரியும் தம்பி ராயும் மட்டுமே எஞ்சினர்.

போதகரின் மகன் போதகராகவே வருவார் என்று பலரும் எண்ணியிருக்கக்கூடும். ஆனால் அவர் மருத்துவம் படித்தார். 1904இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். நோயாளரைப் பார்க்கத் தொடங்கியதும் ஒரு கசப்பான உண்மை அவரை வாட்டியது. நுரையீரல் நோயால் மூச்சுக்குத் திணறியவர்களுக்கு அன்றைய மருத்துவத்தில் தர எதுவும் இல்லை. ஆறுதல் சொல்லலாம், அருகில் அமரலாம். குணமாக்க முடியாது. நம்மில் எத்தனை பேர் மருத்துவமனைக் கட்டில் ஓரத்தில் இதே கையறு நிலையில் நின்றிருக்கிறோம்! அந்த வேதனையிலிருந்து ஏவரி ஓடிவிடவில்லை. நோயாளியை விட்டுவிட்டு நோயை மட்டும் எண்ணவும் இல்லை. நோயின் வேரைத் தேடுவதே தம்மால் செய்யக்கூடிய தொண்டு என்று கண்டு, 1907இல் ஆய்வுக்கூடத்திற்குள் நுழைந்தார்.

1913இல் நியூயார்க்கில் உள்ள ராக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தின் மருத்துவமனையில் சேர்ந்தார். நிமோனியாதான் அவருக்குத் தரப்பட்ட பணி. பென்சிலின் இல்லாத அந்நாளில், திடகாத்திரமான இளைஞரையும் சில நாட்களில் சாய்த்துவிடும் நோய் அது. நியூமோகாக்கஸ் என்ற கிருமியே அதற்கு முக்கிய காரணம். இந்தக் கிருமி தன்னைச் சுற்றி வழுவழுப்பான ஓர் உறையைப் போர்த்திக்கொள்கிறது. நம் இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் அதைப் பிடித்து விழுங்க முடியாதபடி அந்த உறை காக்கிறது. உறையை இழந்த கிருமியோ பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. 1923இல் ஏவரியும் அவருடைய உடன் ஆய்வாளர் ஹைடல்பெர்கரும் இந்த உறை ஒருவகைச் சர்க்கரைப் பொருளால் ஆனது என்று நிலைநாட்டினார்கள்.

1928இல் லண்டனிலிருந்து ஒரு விந்தையான செய்தி வந்தது. ஃபிரெடரிக் கிரிஃபித் என்ற மருத்துவர், உறையுள்ள கிருமிகளை வெப்பத்தால் கொன்றார். அந்தச் செத்த கிருமிகளை, உயிருள்ள, ஆனால் உறையில்லாத கிருமிகளோடு சேர்த்து எலிகளுக்குச் செலுத்தினார். தனித்தனியே செலுத்தியபோது இரண்டுமே எலிகளைக் கொல்லவில்லை. சேர்த்துச் செலுத்தியபோதோ எலிகள் மடிந்தன. அவற்றின் இரத்தத்தில் உறையணிந்த உயிருள்ள கிருமிகள் இருந்தன. அவற்றின் சந்ததியும் உறையணிந்தே பிறந்தன. இறந்த கிருமி, உயிருள்ள கிருமிக்கு எதையோ சொத்தாக விட்டுச் சென்றிருக்கிறது. அது என்ன?

ஏவரி முதலில் இதை நம்பவில்லை. கிருமிகளின் வகைகள் மாறாதவை என்பதே அவரது ஆய்வின் அடித்தளமாக இருந்தது. ஆனால் அவருடைய ஆய்வுக்கூடத்து இளைஞர்களே சோதனையைத் திரும்பச் செய்து உண்மை என்று காட்டியபோது, தம் கருத்தைப் பிடிவாதமாகப் பற்றிக்கொள்ளாமல் உண்மையின் பக்கம் நின்றார். தவறு என்று தெரிந்த பின்னும் நம் சொல்லே நிற்க வேண்டும் என்று குடும்பத்திலும் பங்குப் பேரவையிலும் வாதிடும் நமக்கு இது ஒரு பாடம்.

அந்த மர்மப் பொருளைப் பிரித்தெடுக்கும் வேலை எளிதாக இருக்கவில்லை. இதற்கிடையே தைராய்டு நோய் அவரைத் தளர்த்தியது. 1934இல் அறுவை சிகிச்சை நடந்தது. கோலின் மெக்லியோட், பின்னர் மெக்லின் மெக்கார்ட்டி என்ற இரு இளம் மருத்துவர்கள் அவருக்குத் துணை நின்றார்கள். பெரும் அளவில் கிருமிகளை வளர்த்து, சுழலும் இயந்திரத்தில் இட்டுப் பிரித்தெடுத்தார்கள். உயிர்க்கொல்லிக் கிருமிகள் என்பதால் ஒவ்வொரு முறையும் ஆபத்தோடுதான் வேலை. ஒரு நாள் சோதனை வெற்றி பெறும்; மறுநாள் காரணம் தெரியாமல் தோற்கும். விழும்போதெல்லாம் வெறுங்கையோடு எழாமல், எதையாவது பொறுக்கிக்கொண்டு எழ வேண்டும் என்று அவர் இளையோருக்குச் சொல்வது வழக்கம்.

இறுதியில் அவர்கள் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார்கள். புரதத்தைச் சிதைக்கும் நொதிகளைச் சேர்த்தார்கள். மர்மப் பொருளின் ஆற்றல் குறையவில்லை. உறையின் சர்க்கரைப் பொருளைச் சிதைத்தார்கள், குறையவில்லை. டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்ததும் ஆற்றல் முற்றிலும் மறைந்தது. 60 கோடியில் ஒரு பங்காக நீர்த்துப்போன நிலையிலும் கிருமியின் இயல்பை மாற்ற வல்லதாக இருந்தது அந்த டி.என்.ஏ. அதுவரை, பரம்பரைப் பண்புகளைச் சுமக்கும் தகுதி புரதத்திற்கே உண்டு என்று அறிஞர்கள் பலரும் நம்பினர். டி.என்.ஏ.வை மிக எளிய பொருள் என்று ஒதுக்கி வைத்திருந்தனர். ஒதுக்கப்பட்ட கல்லே மூலைக்கல்லானது இங்கும் நடந்தது.

கட்டுரை வெளியானபோது ஏவரிக்கு வயது 66. 1943இல் நாஷ்வில் நகரில் இருந்த தம்பி ராய்க்கு எழுதிய நீண்ட கடிதத்தில், இது மரபணுவாகவே இருக்கலாம் என்ற தம் எண்ணத்தை வெளியிட்டார். ஆனால் கட்டுரையிலோ, சான்று எவ்வளவு தூரம் சென்றதோ அவ்வளவு தூரமே சென்றார். ஒரு அடி கூட மிகையாக வைக்கவில்லை. நோய், மருந்து பற்றிய உறுதியில்லாத செய்திகளை ஒரு நொடியில் கைப்பேசி வழியே நூறு பேருக்கு அனுப்பிவிடும் இந்நாளில், இந்த நாவடக்கம் நமக்கு எவ்வளவு தேவை!

பலரும் அவரை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அவருடைய நிறுவனத்திலேயே ஐயம் எழுப்பியவர் உண்டு. 1945இல் லண்டன் அரச கழகத்தின் கோப்லி பதக்கம் அவருக்குக் கிடைத்தது. நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அது கடைசி வரை அவருக்கு வழங்கப்படவில்லை. 1948இல் தம்பியின் குடும்பத்திற்கு அருகே வாழ நாஷ்வில் சென்றார். 1953இல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் வடிவத்தை வெளியிட்டார்கள். புற்றுநோயால் ஏவரி இறந்த பின், 1962இல் அவர்களுக்கும் வில்கின்சுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் வழிகாட்டிய கிரிஃபித்தோ, 1941இல் லண்டன் மீது விழுந்த போர்க்குண்டுகளுக்குப் பலியாகி, தம் விதை எதுவாக முளைத்தது என்று அறியாமலே போய்விட்டார்.

இவரைப் புனிதராகக் காட்ட நாம் முயலவில்லை. அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரும் அல்லர். ஆனால் நல்லது எங்கு விளைந்தாலும் அது இறைவனின் வயலில் விளைந்ததே. மாற்கு நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில் இயேசு ஓர் உவமை சொல்கிறார். விதைப்பவர் விதைத்துவிட்டு உறங்கி எழுகிறார். விதை எப்படி வளர்கிறது என்று அவருக்கே தெரிவதில்லை. ஏவரியின் வாழ்வு அந்த உவமைக்கு ஓர் உரை போல இருக்கிறது.

அவர் விதைத்தது இன்று நம் வீடு வரை வந்திருக்கிறது. கிருமிகள் ஒன்றிடமிருந்து மற்றொன்று மரபணுவைப் பெற்றுக்கொள்வதால்தான் மருந்துக்கு அடங்காத தன்மையும் அவற்றிடையே பரவுகிறது என்பதை இன்று நாம் அறிவோம். ஆகவே மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கி விழுங்குவது அயலாருக்கும் செய்யும் தீங்கு. மேலும், கிருமி உறையின் சர்க்கரையைப் புரதத்தோடு இணைத்தால் உடலில் எதிர்ப்பாற்றல் எழும் என்று ஏவரியும் உடன் ஆய்வாளர் கோபலும் அன்றே காட்டியிருந்தார்கள். அதே அடிப்படையில் அமைந்ததே நியூமோகாக்கல் தடுப்பூசி. 2017இல் இந்தியாவின் சில மாநிலங்களில் தொடங்கி, 2021 முதல் நாடெங்கும் அரசுத் திட்டத்தில் குழந்தைகளுக்கு இது இலவசமாகப் போடப்படுகிறது. ஆறு வாரக் குழந்தையை மார்போடு அணைத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்கும் தாய்க்கு ஏவரியின் பெயர் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. குழந்தை மூச்சுவிடுகிறது, அதுவே போதும்.

நாமும் பெயர் தெரியாமல் பல விதைகளை விதைக்கிறோம். ஞாயிறு மறைக்கல்வி நடத்தும் ஆசிரியை, இரவெல்லாம் விழித்திருக்கும் செவிலியர், படுக்கையில் கிடக்கும் பெற்றோரைத் தூக்கி அமர்த்தும் மகன், இவர்களுக்குப் பதக்கம் வருவதில்லை. பலன் காணவில்லையே என்று மனம் சோரும்போது, மண்ணுக்குள் நடப்பதை விதைத்தவர் பார்ப்பதில்லை என்பதை நினைவில் கொள்வோம்.

இறைவா, நோயாளரின் பெருமூச்சைக் கேட்டு, அதற்கு விடை தேடி ஆய்வுக்கூடங்களில் உழைக்கும் அனைவரையும் ஆசீர்வதியும். எங்கள் கைகளின் பணியை நீரே வளரச் செய்யும். அறுவடையை நாங்கள் காணாவிட்டாலும், விதைக்கும் மனத்தை எங்களிடமிருந்து எடுத்துவிடாதேயும். ஆமென்.