வானூர்தி வகுத்த வித்தகர் காட்கே

விவேக் நகரில் ஒரு மாடியறையில் நானும் என் நண்பர் ஒருவரும் குடியிருக்கிறோம். நான் காட்பாடியிலிருந்து இயற்பியல் பயில வந்தவன். அவர் சேலத்திலிருந்து பொறியியல் பயில வந்தவர். வியாழன்தோறும் குழந்தை இயேசு ஆலயத்துக்குத் திரண்டு வரும் மக்களின் ஆரவாரமும், கிழக்கே பழைய விமானத் தளத்திலிருந்து எழும் விமானங்களின் முழக்கமும் எங்கள் செவிகளுக்குப் பழகிப் போனவை.

அந்த முழக்கம் நண்பருக்கு ஓர் ஆசையை மூட்டிவிட்டது. மும்பையில் அமோல் யாதவ் என்னும் விமானி, தம் வீட்டு மொட்டை மாடியிலேயே உலோக விமானம் ஒன்றைக் கட்டி, 2016-இல் மக்கள் காண வைத்தார் அன்றோ? அவரைப் போல் நாமும் இருவர் அமரும் விமானம் ஒன்றைக் கட்டலாம் என்றார் நண்பர். கருவிப் பட்டியல் நான்கு பக்கத்துக்கு நீண்டது. காற்றழுத்தச் சுத்தி, அதற்கொரு கம்ப்ரசர், தகடு வளைக்கும் எந்திரம், இன்னும் என்னென்னவோ! செலவில் பாதி என் பங்கு. உதவித்தொகையில் நான் மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் கரைந்து போகும். எந்தக் கருவியை முதலில் வாங்குவது? விடை தேடிப் புறப்பட்ட நான், ஒரு பெரியாரின் வாழ்க்கையில் போய் நின்றேன்.

அவர் பெயர் விஷ்ணு மாதவ் காட்கே. 1908-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் மராட்டிய மண்ணில் பிறந்தவர். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகருக்குச் சென்று, பேராசிரியர் பிராண்டிலிடம் ஆராய்ச்சி செய்து 1936-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பிராண்டில் யார்? ஓடும் காற்று ஒரு பொருளின் மேற்பரப்பை ஒட்டி மெல்லிய படலமாக எவ்வாறு தேங்குகிறது என்பதை 1904-இல் விளக்கி, விமான இயலுக்கே அடித்தளம் இட்டவர். அத்தகையவரிடம் பயின்ற காட்கேயின் கையில் அன்று இருந்த கருவி எது? கணக்கு ஒன்றே!

1940 டிசம்பரில் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு பெங்களூரில் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையை நிறுவினார். தொடக்கத்திலேயே அங்கு வந்து சேர்ந்தவர் காட்கே. அத்தொழிற்சாலை முதன்முதலில் பூட்டி முடித்துப் பறக்க விட்டது, 1941 ஆகஸ்டில், ஹார்லோ என்னும் உலோகப் பயிற்சி விமானம். நண்பர்களே, அதன் பிறப்பை அறிந்து நான் வியந்தேன். அமெரிக்காவில் பாசடேனா இளநிலைக் கல்லூரியில் ஹார்லோ என்ற ஆசிரியர் தம் மாணவர்களைக் கொண்டு, வகுப்புப் பாடமாகவே ஒரு விமானத்தைக் கட்டினார். அந்தக் குடும்பத்தில் வந்ததுதான் பெங்களூரின் முதல் விமானம்! மாணவர் கைபட்ட ஒன்றிலிருந்தே நம் நாட்டு விமானத் தொழில் தொடங்கியது என எண்ணும்போது, நண்பரின் ஆசையை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை.

காட்கே முதலில் வகுத்தது எந்திரமில்லாத மிதவை விமானம். பத்துப் பேர் அமரக்கூடியது; மரத்தாலானது. 1942 இறுதியில் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் விமான இயல் துறை தோன்றியபோது, அதன் முதல் தலைவரும் அவரே. போர் நடந்த நாட்களில், 1943 முதல், பெங்களூர்த் தொழிற்சாலை அமெரிக்கப் படையின் பழுது பார்க்கும் நிலையமாயிற்று. டகோட்டாக்களும் காட்டலினாக்களும் வரிசையில் வந்து நின்றன. கிழிந்த தகட்டை வெட்டி எடுப்பது, புதுத் தகட்டைப் பொருத்துவது, துளையிடுவது, ரிவெட்டு அடிப்பது: இவற்றையே நம்மவர் இரவும் பகலும் செய்தனர்.

போர் முடிந்தது. கான்பூரில் ஆங்கிலேயர் சிதைத்து விட்டுச் சென்ற லிபரேட்டர் குண்டு விமானங்கள் குப்பை போல் கிடந்தன. ஜாம்ஷெட் முன்ஷி என்னும் அஞ்சா நெஞ்சர் அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டி வந்தார். தொழிலாளர் அவற்றைப் புதுப்பித்தனர்; 1948-இல் அவை இந்திய விமானப் படையில் சேர்ந்தன. பிறர் செய்ததைப் பிரித்துப் பிரித்துப் பார்த்த கைகளுக்கு, அவர்கள் எங்கே தடித்த தகடு வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்பதெல்லாம் பாடமாயின.

அந்தக் கைகளும் காட்கேயின் கணக்கும் கூடியதன் விளைவே எச்.டி.2 என்னும் பயிற்சி விமானம். முழுதும் உலோகம், ஒருவர் பின் ஒருவராக இருவர் அமர்வர், 155 குதிரைத் திறன் கொண்ட எந்திரம். 1951 ஆகஸ்டில் அதை முதன்முதல் பறக்க விட்டவரும் அதே முன்ஷிதான். இந்தியர் வகுத்து இந்தியர் கட்டிய அவ்விமானத்தில் ஏறத்தாழ 170 உருவாயின. நம் விமானப் படையின் இளைஞர் பல்லாண்டு அதில் பறக்கக் கற்றனர். கானா நாடும் அதை வாங்கியது. காட்கே அத்தோடு நின்றாரில்லை. பறக்கும் கழகங்களுக்காக 1958-இல் புஷ்பக், அதன்பின் தரைப்படைக்கு உதவ கிருஷக், 1964-இல் கிரண் ஜெட் பயிற்சி விமானம் என அவர் தலைமையில் வளர்ந்தவை பல. 1965-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்; தொழிற்சாலையின் நிர்வாக இயக்குநராகவும் விளங்கினார்; 1991 டிசம்பரில் மறைந்தார்.

இவ்வளவையும் படித்துவிட்டு, எங்கள் கீழ்வீட்டுத் தாத்தாவிடம் போனேன். எச்.டி.2 உருவான நாட்களில் ரிவெட்டு அடித்தவர் அவர். பட்டியலைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்று, இரண்டு அலுமினியத் துண்டுகளையும் ஒரு டிரில்லையும் கொண்டு வந்து என்னைத் துளையிடச் சொன்னார். இட்டேன். துளை வட்டமாக இல்லை. முட்டை வடிவமாக இருந்தது! ஓரத்தில் பிசிர் வேறு. அந்தப் பிசிரை அரத்தால் நீக்காவிடில், அங்கிருந்தே ஒரு நாள் விரிசல் தொடங்கும் என்றார். ரிவெட்டின் விட்டம் எவ்வளவோ, அதில் ஒன்றரை மடங்கு நீளம் தகட்டுக்கு வெளியே நிற்க வேண்டும்; அடித்தபின் தலையின் அகலம் விட்டத்தில் ஒன்றரை மடங்கும், உயரம் அரை மடங்கும் இருக்க வேண்டும். சில வகை ரிவெட்டுகளைச் சூடேற்றி நீரில் தணித்தவுடன் பனிக்கட்டியில் வைப்பார்களாம். வெளியே வைத்தால் தாமாகவே இறுகிவிடும். பிறகு அடித்தால் பிளக்கும். உலோகம் வயதாகி வலுவேறும் இவ்வியல்பைத் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியவன் நான். கையால் அறிந்தவர் அவர்.

இன்னொன்றும் காட்டினார். ஒருவர் சுத்தியால் அடிக்க, மறுபுறம் ஒருவர் கனத்த இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் தகட்டின் பின்னே நிற்கும் அவர் பிடி தளர்ந்தால், ரிவெட்டு கோணும். பின்னே நின்று பிடித்த அத்தகைய பல்லாயிரம் கைகள் இல்லையெனில், கோட்டிங்கன் கணக்கு தாளிலேயே தங்கியிருக்கும் அன்றோ? அதைக் காட்கே அறிந்திருந்தார் என்றே நான் நம்புகிறேன்.

மாடிக்கு வந்து நண்பரிடம் என் முடிவைச் சொன்னேன். சிறிது வருந்தினார், பின் இசைந்தார். நான்கு பக்கப் பட்டியல் சுவரில் தொங்குகிறது. நாங்கள் வாங்கியவை ஒரு டிரில், இரண்டு அரம், ஓர் எஃகு அளவுகோல், ஒரு சுத்தி, எடைக்கு விற்ற பழைய தகடு சில. வேலை எப்போது ஒரு கருவியைக் கேட்கிறதோ, அப்போது அதை வாங்குவோம். நேற்று வரை முப்பத்தேழு துளைகள் இட்டிருக்கிறேன். வட்டமாக அமைந்தவை பதினொன்று.

விவேக் நகர்ப் பக்கம் வரும் நண்பர்கள் மாடியேறி வருக! இரும்புக் கட்டையைப் பிடிக்க ஆள் வேண்டும்.