விசாரணையின்றித் தூக்கிலிடப்பட்ட தளபதி: கான்சாகிப் யூசுப் கான்

செங்கல்பட்டு வழியாக ரயிலில் போகும்போது கொளவாய் ஏரியைப் பார்க்கிறோம். அதன் கரையில் ஒரு பழைய கோட்டையின் எச்சங்கள் உள்ளன. பிரெஞ்சுக்காரர்களின் முற்றுகையிலிருந்து சென்னை தப்பியதில் அந்தக் கோட்டைக்கும், அங்கிருந்து போரிட்ட ஒரு முஸ்லிம் தளபதிக்கும் பங்குண்டு. அவர்தான் முஹம்மது யூசுப் கான். மக்கள் அவரை கான்சாகிப் என்றும் மருதநாயகம் என்றும் அழைத்தார்கள்.

1725 வாக்கில் ராமநாதபுரம் சீமையின் பனையூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேறி இஸ்லாத்தை ஏற்றார். சிப்பாயாகத் தொடங்கியவர், திருச்சிப் போர்களில் காட்டிய திறமையால் ஆங்கிலக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் அனைவருக்கும் கமாண்டன்ட் ஆனார்.

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என நீளும் கடற்கரை அன்று ஐரோப்பியர்கள் போட்டியிட்ட பூமி. கோவளத்தையும் செங்கல்பட்டையும் 1752இல் கிளைவ் கைப்பற்றியிருந்தார். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, செங்கல்பட்டுக் கோட்டையைத் தளமாகக் கொண்டு கேப்டன் பிரஸ்டனும் யூசுப் கானும் அவருடைய உணவு வழிகளைத் துண்டித்தனர். 1759 பிப்ரவரியில் பரங்கிமலையில் கடும் சண்டை நடந்தது. அடுத்த சில நாட்களில் ஆங்கிலக் கப்பல்கள் வந்து சேர, லாலி பின்வாங்கினார்.

அதன்பின் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிர்வாகம் அவரிடம் வந்தது. கண்மாய்களைச் செப்பனிட்டார், மீனாட்சி அம்மன் கோயிலின் நிலங்கள் திரும்பக் கிடைக்கச் செய்தார். அதேநேரம் பாளையக்காரர்களிடம் கடுமையாகவும் நடந்தார். பூலித்தேவரை வீழ்த்தியவரும் அவரே. இதையும் மறைக்காமல் சொல்வதே நியாயம்.

அவருடைய செல்வாக்கு வளர்ந்தது ஆற்காட்டு நவாப் முஹம்மது அலிக்குப் பிடிக்கவில்லை. யூசுப் கான் தன் ஊழியர் என்றார் நவாப். கம்பெனியும் நவாபின் பக்கம் சாய்ந்தது. 1763இல் யூசுப் கான் பிரெஞ்சுக் கொடியை ஏற்றி எதிர்த்து நின்றார். மதுரை நீண்ட காலம் முற்றுகையில் கிடந்தது. 1764 அக்டோபர் 13 அன்று உடனிருந்தவர்களே அவரைக் கட்டிப் பிடித்து எதிரியிடம் ஒப்படைத்தனர். தொழுகையில் இருந்தபோது பிடித்தார்கள் என்று சொல்லப்படுகிறது.

அக்டோபர் 15 அன்று தூக்கிலிட்டார்கள். இடையில் இருந்தது இரண்டே நாட்கள். காழி இல்லை, சாட்சி இல்லை, அவர் தரப்பைக் கேட்க ஆளில்லை. எவருடைய சென்னையைக் காக்க அவர் போரிட்டாரோ அந்தக் கம்பெனியும் தடுக்கவில்லை. அவருடைய அடக்கத்தலம் மதுரை சம்மட்டிபுரத்தில் இருக்கிறது.

அவர் ஆயுதம் ஏந்தியது உண்மை. விசாரித்திருந்தால் குற்றவாளி என்றே தீர்ப்பாகியிருக்கலாம். ஆனால் அந்த விசாரணை நடக்கவே இல்லை. அலீ (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, இரு தரப்பையும் கேட்காமல் தீர்ப்பளிக்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். சந்தேகம் இருந்தால் தண்டனையை விலக்க வேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. நவாபும் முஸ்லிம்தான், இந்த மார்க்கம் அவருக்கும் தெரிந்ததுதான். அநீதியைச் செய்தவர் நம்மவர் என்பதற்காக அது நீதியாகிவிடாது.

இன்று மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அப்படியும் தவறு நடக்கிறது. 2002 அக்‌ஷர்தாம் தாக்குதல் வழக்கில் மூவருக்கு விதித்த தூக்கை குஜராத் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் நிரபராதிகள் என விடுவித்தது. யூசுப் கானைப் போல இரண்டே நாட்களில் முடித்திருந்தால், அந்தத் தீர்ப்பைக் கேட்க அந்த மூவரும் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே, யாரையேனும் உடனே தூக்கில் போடு என்ற கூச்சல் எழும்போது நாம் அதில் சேர வேண்டாம். குற்றம் சாட்டப்பட்டவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் சரி. விசாரணை முடியட்டும் என்று சொல்லும் பழக்கத்தை நம் வீடுகளில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம். வல்ல அல்லாஹ் நம்மை நீதியின் பக்கம் நிலைத்திருக்கச் செய்வானாக. ஆமீன்.